மன அழுத்தத்துக்கு விரல் அழுத்தம் பலன் தருமா?

கேள்வி: எனக்கு 43 வயது. கணக்குப் பிரிவில் வேலை. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்தான். இரண்டு வருடமாகக் கழுத்தும் தோள்பட்டையும் கல்லாக இறுகிக் கிடக்கின்றன. சாயங்காலமானால் பிடரியில் கிளம்பும் வலி நெற்றி வரை வருகிறது. காலையில் எழுந்தால் தாடை வலிக்கிறது. எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தாயிற்று. "ஒன்றுமில்லை, டென்ஷன்தான்" என்கிறார்கள். வீட்டிலும் ஆபீஸிலும் எல்லாமே என் தலையில்தான் என்பதும் உண்மை. தெரிந்தவர் சொன்னார் என்று ஓர் அக்குபிரஷர் சிகிச்சையாளரிடம் போனேன். முதல் நாள் அவர் தோளில் கை வைத்து அழுத்தியதும் காரணமே தெரியாமல் அழுதுவிட்டேன். இரண்டு நாள் சுகமாக இருந்தது, அப்புறம் பழையபடிதான். மூன்றாவது தடவை அழுத்தியதில் தோளில் ரத்தக்கட்டு ஏற்பட்டு ஒரு வாரம் கையைத் தூக்க முடியவில்லை. "வலித்தால்தான் கழிவு வெளியேறும்" என்கிறார். ரத்த அழுத்த மாத்திரையையும் நிறுத்திவிடலாம் என்கிறார். அக்குபிரஷர் உண்மையிலேயே பலன் தருமா? வீட்டில் நானே செய்துகொள்ள முடியுமா? மாத்திரையை நிறுத்தலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வணக்கம். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அவசரமானது அதுதான்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள். உங்கள் கடிதத்தில் மூன்று அழுத்தங்கள் இருக்கின்றன: மன அழுத்தம், ரத்த அழுத்தம், விரல் அழுத்தம். தமிழில் ஒரே சொல்லாக இருப்பதால் ஒன்றைக் குறைத்தால் மற்றதும் தானாகக் குறைந்துவிடும் என்று தோன்றலாம். அப்படி இல்லை. யாராவது இதமாக அழுத்திவிட்டு, நீங்களும் நிம்மதியாகப் படுத்திருந்தால் ரத்த அழுத்தம் அந்த நேரத்துக்குக் கொஞ்சம் இறங்கலாம். அது குணமாகிவிட்டதற்கு அடையாளமாகாது. உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்ற உணர்வை வைத்து அதை அளக்க முடியாது. சில வகை மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் அழுத்தம் முன்பிருந்ததைவிட மேலே எகிறும். மாத்திரையைக் குறைப்பதா, நிறுத்துவதா என்பதை எழுதிக் கொடுத்த மருத்துவர் மட்டுமே முடிவு செய்யட்டும். நான் பிசியோதெரபிஸ்ட், அக்குபிரஷரும் முறையாகக் கற்றவன். அந்த முடிவை நானும் எடுக்கக் கூடாது, உங்கள் சிகிச்சையாளரும் எடுக்கக் கூடாது.

சரி, இனி கழுத்துக்கு வருவோம்.

"ஒன்றுமில்லை, டென்ஷன்தான்" என்ற பதில் உங்களை எவ்வளவு சோர்வடையச் செய்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த வாக்கியத்தின் முன்பாதி தவறு. எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். ஒரு தசை காலை ஒன்பது மணியிலிருந்து விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பதை அது காட்டாது. எலும்பில் கோளாறு இல்லை என்பது நல்ல செய்திதான். அதற்காக வலி இல்லை என்று ஆகிவிடாது.

இந்த வரியைப் படிக்கும்போதே உங்கள் தோள்களைக் கவனியுங்கள். காதை நோக்கிக் கொஞ்சம் ஏறியிருக்கும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை, ஆனால் தசை வேலை செய்துகொண்டேதான் இருக்கிறது. ஆய்வுகளில், கழுத்திலிருந்து தோள் வரை விரியும் டிரபீசியஸ் என்ற தசையில் மின்முனை ஒட்டி, கைகளை மடியில் வைத்தபடி உட்காரச் சொல்லி, கஷ்டமான மனக்கணக்கு ஒன்றைக் கொடுப்பார்கள். கை அசையவே அசையாது. ஆனால் பலருக்குத் தோள் தசை மட்டும் இறுகத் தொடங்குவது கருவியில் பதிவாகும். கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இது எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள். எதையும் தூக்காமல் உங்கள் தோள் நாள் முழுக்கச் சுமந்துகொண்டிருக்கிறது. போதாததற்கு நாலரை, ஐந்து கிலோ எடையுள்ள தலை திரையை நோக்கி முன்னே நீண்டிருக்கிறது.

இறுகிய தசைக்குள் ரத்த ஓட்டம் குறையும். இறுகித் தளர்ந்து, இறுகித் தளர்ந்து வேலை செய்யும் தசைக்கு இது பிரச்சினை இல்லை. தளராமலே கிடக்கும் தசையில்தான் உளைச்சல் தொடங்குகிறது. அப்புறம் தொட்டாலே சுரீர் என்று வலிக்கும் முடிச்சுகள் உருவாகின்றன. இவற்றை டிரிகர் பாயிண்ட் என்கிறோம். அமெரிக்க அதிபர் கென்னடியின் மருத்துவராக இருந்த ஜேனட் டிராவெல் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்த முடிச்சுகளுக்குச் செலவிட்டார். முடிச்சு ஓரிடத்தில் இருக்க, வலி வேறிடத்தில் தெரியும் என்பதைப் பொறுமையாகக் குறித்து வைத்தவர் அவர். தோளின் மேல்பகுதியில் உள்ள முடிச்சு காதுக்குப் பின்னாலும் பொட்டிலும் வலிக்கும். மண்டையின் அடிவிளிம்பில் உள்ள சின்னத் தசைகள் இறுகினால் பிடரியிலிருந்து கண்ணுக்குப் பின்னால், நெற்றி வரை வலி ஓடும். உங்கள் சாயங்காலத் தலைவலி நடந்து வரும் பாதை ஏறக்குறைய இதுதான்.

நீங்கள் அழுததைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடிதத்தில் கூச்சத்தோடு எழுதியிருந்தீர்கள் போலத் தோன்றியது. கூச்சமே வேண்டாம். என் அறையில் படுத்து அழாதவர்களைவிட அழுதவர்களைத்தான் எனக்கு அதிகம் நினைவிருக்கிறது. மாதக்கணக்கில் எல்லாருக்கும் நீங்களே செய்துகொண்டிருக்கும்போது, ஒருவர் உங்களுக்காக மட்டும் இருபது நிமிடம் ஒதுக்கி, வலிக்கும் இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்துக் கை வைக்கிறார். பிடித்துவைத்திருந்தது விட்டுப்போகிறது. தசை தளரும்போது மூச்சு ஆழமாகிறது, மூச்சோடு அழுகையும் வருகிறது. அதில் மர்மம் எதுவும் இல்லை, நோயும் இல்லை.

ஆனால் அந்த ரத்தக்கட்டு எனக்குக் கோபத்தைத் தருகிறது. "வலித்தால்தான் கழிவு வெளியேறும்" என்பது உண்மையல்ல. உடலின் கழிவைச் சிறுநீரகமும் கல்லீரலும் நுரையீரலும் பார்த்துக்கொள்கின்றன. தோளில் கட்டைவிரலைக் குத்தினால் எந்த நச்சும் வெளியே வராது. தோலுக்கடியில் இருக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் உடைந்து நீலம் பாரிக்கும், அவ்வளவுதான். வலி தாங்க முடியாமல் போனால் தசை தளராது, எதிர்த்து இறுகும். எதற்காகப் போனீர்களோ அதற்கு நேர்மாறானது நடக்கும்.

நானும் இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். படிப்பை முடித்த புதிதில், வலு இருந்தால் போதும் என்று நினைத்து ஒரு பெரியவரின் தோளை அழுத்தினேன். அவர் மரியாதைக்காகப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டார். மறுநாள் தோள் கறுத்துப்போய் வந்தார். என் ஆசிரியர் என்னைத் திட்டவில்லை. சமையலறைத் தராசு ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, "நேற்று அழுத்தியது போல இதில் அழுத்து" என்றார். முள் எட்டு கிலோவைத் தாண்டியது. "இப்போது ஒன்றரை கிலோவில் நிறுத்து. கண்ணை மூடிக்கொண்டு மூன்று நிமிடம் அதே அளவில் வைத்திரு." அன்று முழுக்க எனக்கு அது கைவரவில்லை. அழுத்துவது எளிது, அளவாக அழுத்திக்கொண்டே இருப்பதுதான் தொழில் என்று அன்றைக்குப் புரிந்தது.

நீங்களும் இதைச் செய்து பாருங்கள். வீட்டில் தராசு இருந்தால் கட்டைவிரலின் சதைப்பகுதியை வைத்து மெல்ல அழுத்துங்கள். கழுத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோ போதும். தோளுக்கு மூன்று கிலோ வரை போகலாம். இது என் கைக்கணக்கு, ஒவ்வொருவர் உடலுக்கும் கூடக்குறைய இருக்கும். வலியைப் பத்துக்கு அளந்தால் ஐந்தில் நிற்க வேண்டும்: "ஆமாம், அங்கேதான்" என்று சொல்லத் தோன்றும், ஆனால் முகம் சுளிக்காது, மூச்சை அடக்க வேண்டியிருக்காது. மூச்சை அடக்கினீர்கள் என்றால் அளவு கூடிவிட்டது என்று பொருள்.

பலன் தருமா என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். அக்குபிரஷர் சீன மருத்துவ மரபிலிருந்து வந்தது. உடலில் 'சி' என்ற உயிராற்றல் பாதைகளில் ஓடுகிறது, பாதை அடைபட்டால் நோய், புள்ளியை அழுத்தினால் அடைப்பு நீங்கும் என்பது அந்த மரபின் விளக்கம். பாதைகளின் மேலுள்ள 361 புள்ளிகளின் இடங்களை உலக சுகாதார நிறுவனம் 2008-ல் ஒரே சீராக வரையறுத்து வெளியிட்டது. எல்லாரும் ஒரே பெயரில், ஒரே இடத்தைக் குறிக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. அந்தப் பாதைகளை உடலை அறுத்துப் பார்த்து யாரும் கண்டதில்லை. ஆகவே நான் அந்த விளக்கத்தைச் சொல்லி உங்களை நம்பவைக்கப் போவதில்லை.

நரம்பியல் சொல்லும் விளக்கம் எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது. முழங்கையை இடித்துக்கொண்டால் உடனே தேய்க்கிறோம், வலி குறைகிறது. 1965-ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். தண்டுவடத்தில் ஒரு கதவு போன்ற அமைப்பு இருக்கிறது, தொடுகையும் அழுத்தமும் கொண்டுவரும் செய்தி நுழையும்போது வலியின் செய்திக்கு வழி குறைகிறது என்றார்கள். நுணுக்கங்கள் பிறகு நிறைய மாறிவிட்டன, ஆனால் அடிப்படை நிற்கிறது. இதோடு மெதுவான மூச்சு, அசையாமல் இருக்கும் சில நிமிடங்கள், யாரோ அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற உணர்வு எல்லாம் சேர்ந்துகொள்கின்றன.

ஆய்வுகள் செய்தவர்கள் சரியான புள்ளியில் ஒரு குழுவையும், புள்ளியே இல்லாத இடத்தில் இன்னொரு குழுவையும் அழுத்திப் பார்த்திருக்கிறார்கள். பதற்றமும் வலியும் குறைவதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் இரண்டு குழுவுக்கும் இடையிலான வித்தியாசம் பல நேரங்களில் எதிர்பார்த்த அளவு பெரிதாக இருப்பதில்லை. இதை மறைத்துவிட்டு உங்களுக்கு ஆலோசனை சொல்ல எனக்கு மனம் வராது. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: புள்ளி ஒரு நெல்மணி அளவு தள்ளிப்போனதே என்று கவலைப்பட வேண்டாம். எந்த அளவில், எவ்வளவு நேரம், எப்படி மூச்சு விட்டுக்கொண்டு அழுத்துகிறோம் என்பது அதைவிட முக்கியம்.

இன்னொரு ஆய்வு என் மனதில் நிற்கிறது. 2005-ல் வெளியானது. அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களின் இரண்டு புருவங்களுக்கும் நடுவில் அழுத்தினார்கள். பதற்றம் நன்றாகவே குறைந்தது. கையை எடுத்து அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் அந்தப் பலன் நீடிக்கவில்லை. உங்களுக்கு இரண்டு நாள் சுகம், அப்புறம் பழையபடி என்று எழுதினீர்களே, அதுவும் இதே கதைதான். இதனால் அக்குபிரஷர் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. அழுத்தி முடித்த பிறகு வரும் அந்த அரை மணி நேரம்தான் சிகிச்சையின் முக்கியமான பகுதி என்கிறேன். தசை அப்போதுதான் சொன்ன பேச்சைக் கேட்கும். அதில் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் நாளைய கழுத்து இருக்கிறது. பெரும்பாலானவர்கள் என்ன செய்கிறார்கள்? எழுந்து போய் அதே நாற்காலியில் அதே மாதிரி உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இப்போது நீங்களே செய்துகொள்ளும் முறை. முதலில் பிடரி, உங்களுக்கு இதுதான் மிக முக்கியம். இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோங்கள். மண்டை ஓட்டின் அடிவிளிம்பு கையில் தட்டுப்படும். நட்டநடுவில் ஒரு குழி இருக்கும், அதை விடுங்கள். அங்கிருந்து இரண்டு பக்கமும் காதை நோக்கி நகருங்கள். தடித்த தசை ஒன்றைத் தாண்டியதும், காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு முட்டுக்கு முன்பாக, விரல் தானாக இறங்கும் பள்ளம் வரும். அக்குபிரஷர் புள்ளிகளின் பட்டியலில் ஜி.பி. 20 என்று குறிப்பிடும் இடம் அது. உட்கார்ந்துகொண்டு கட்டைவிரலால் அழுத்தலாம். ஆனால் கையை உயர்த்திப் பிடித்தால் தோள் இறுகும், செய்த வேலை வீண். படுத்துக்கொண்டு செய்வதுதான் நல்லது. தலையணையை எடுத்துவிட்டு மல்லாந்து படுங்கள். இரண்டு டென்னிஸ் பந்துகளை ஒரு சாக்ஸுக்குள் போட்டு முடிச்சுப் போடுங்கள். அந்தப் பள்ளங்களுக்கு நேராகப் பந்துகள் வரும்படி வைத்துத் தலையை மெல்ல இறக்குங்கள். நீங்கள் அழுத்தவே வேண்டாம், தலையின் எடை அழுத்திக்கொள்ளும். பந்து கடினமாகத் தெரிந்தால் மேலே ஒரு துண்டை மடித்துப் போடுங்கள். முகவாயைக் கொஞ்சம் நெஞ்சை நோக்கி இழுத்தால் பந்து சரியான இடத்தில் பதியும்.

அப்படியே மூன்று நிமிடம். மூச்சை நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். முதல் நிமிடம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். ஒன்றரை நிமிடம் தாண்டியதும் கண்ணுக்குப் பின்னால் ஒரு கனம் இறங்குவது போலவோ, கொட்டாவி வருவது போலவோ தெரியும். அது நல்ல அறிகுறி. தலைச்சுற்றல், குமட்டல், பார்வை மங்கல் வந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

அடுத்தது தோள். கழுத்தின் அடியில் துருத்தி நிற்கும் எலும்புக்கும் தோள் முனைக்கும் சரிபாதியில், மேல்விளிம்பில் உங்கள் முடிச்சு இருக்கும். தேட வேண்டியதில்லை, கை தானாக அங்கே போகும். வலது கையால் இடது தோளைப் பற்றுங்கள். நுனிவிரலால் குத்தாமல், நடுவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொக்கி போல மாட்டி, கையின் எடையை முன்னோக்கித் தொங்கவிடுங்கள். கட்டைவிரலைப் பின்னால் வளைத்து அழுத்தும் பழக்கம் வேண்டவே வேண்டாம். எங்கள் தொழிலில் பலருக்குக் கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்துபோவது அதனால்தான். ஒரு நிமிடம் பிடித்த பிறகு, பிடியை விடாமலே தலையை எதிர்ப்பக்கம் மெல்லச் சாய்த்து மூன்று மூச்சு. இரண்டு பக்கமும் செய்யுங்கள். தோள்பட்டை எலும்பின் உள்மூலையில், முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் இன்னொரு முடிச்சு இருக்கும். அங்கே கை எட்டாது. ஒரு பந்தைச் சுவருக்கும் முதுகுக்கும் நடுவே வைத்துச் சாயுங்கள். முதுகெலும்பின் மேல் பந்து போகக் கூடாது, பக்கத்துச் சதையில் மட்டும்.

தாடைக்கு: பல்லைக் கடித்தால் கன்னத்தில் புடைக்கும் தசை எது என்று தொட்டுப் பாருங்கள். கடிப்பதை விட்டுவிட்டு, அந்த இடத்தில் இரண்டு விரல் வைத்து மிதமாக அழுத்தியபடி வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள், ஐந்தாறு தடவை. நாள் முழுக்க ஒரு விஷயம் நினைவிருக்கட்டும்: உதடு சேர்ந்திருக்கலாம், பல் சேர்ந்திருக்கக் கூடாது. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிரப் பற்கள் ஒன்றையொன்று தொட வேண்டிய அவசியமே இல்லை. காலையில் தாடை வலிக்கிறது என்பதால் தூக்கத்தில் பல் நறநறவென்று கடிக்கிறீர்களோ என்று சந்தேகப்படுகிறேன். ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பற்கள் தேய்ந்திருந்தால் இரவில் மாட்டிக்கொள்ளும் உறை கொடுப்பார்.

ஆபீஸில், மீட்டிங்குக்கு நடுவே என்றால் மணிக்கட்டு போதும். உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல் அகலம் தள்ளி, இரண்டு நரம்புக்கயிறு போலத் தெரியும் தசைநாண்களுக்கு நடுவே அழுத்துங்கள். பி.சி. 6 என்ற இந்தப் புள்ளி குமட்டலுக்குப் பெயர்போனது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் வாந்தி உணர்வை இது குறைக்கிறது என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. பதற்றத்துக்கும் பலர் பயன்படுத்துகிறார்கள். மேஜைக்கடியில் யாருக்கும் தெரியாமல் செய்யலாம் என்பது இதன் வசதி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதைமேடும் அப்படித்தான், தலைவலி தொடங்கும்போது அழுத்திப் பாருங்கள். கர்ப்பிணிகள் அந்த இடத்தையும், தோள் நடுப் புள்ளியையும், கணுக்காலுக்கு மேல் உட்பக்கத்தையும் அழுத்த வேண்டாம் என்பது மரபில் உள்ள எச்சரிக்கை. உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

அப்புறம், அந்த அரை மணி நேரம். அழுத்தி முடித்ததும் போனை எடுக்காதீர்கள். தோள்கள் இரண்டையும் காது வரை தூக்கி, ஐந்து நொடி நன்றாக இறுக்கி, பொத்தென்று விடுங்கள். மூன்று தடவை. தசை தளர்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதே நமக்கு மறந்துபோயிருக்கிறது. முதலில் வேண்டுமென்றே இறுக்கி, பிறகு விட்டால்தான் வித்தியாசம் தெரியும். எட்மண்ட் ஜேகப்சன் என்ற மருத்துவர் 1920-களிலேயே இந்த வழியைச் சொல்லிக் கொடுத்தார். பிறகு கழுத்தை இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்புங்கள், எழுந்து பத்து நிமிடம் நடங்கள். கைகளை வீசி நடக்க வேண்டும். தளர்ந்த தசைக்கு அசைவைக் கொடுத்தால்தான் ரத்தம் பாயும்.

வேலை நேரத்திலும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள், ஒரு நிமிடம் போதும். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரட்டும், முழங்கைக்கு மேஜையோ கைப்பிடியோ தாங்கலாக இருக்கட்டும். இன்னொரு விஷயம், உங்கள் வயதைப் பார்த்ததும் தோன்றியது: கடைசியாகக் கண் பரிசோதனை செய்தது எப்போது? நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வரும். எண்கள் தெளிவாகத் தெரியாததால் முகவாயை முன்னே நீட்டித் திரைக்குள் நுழைவது போல உட்காருவோம், நமக்கே தெரியாது. கழுத்து வலி என்று என்னிடம் வந்து கண்ணாடி மாற்றியதிலேயே பாதி குணமானவர்கள் இருக்கிறார்கள்.

எச்சரிக்கைகளைக் கவனமாகப் படியுங்கள். கழுத்தின் முன்பக்கத்தையும் பக்கவாட்டில் நாடி துடிக்கும் இடத்தையும் யாரும் அழுத்தக் கூடாது. அங்கே மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் இருக்கிறது, அழுத்தினால் நாடித்துடிப்பு குறைந்து மயக்கம் வரலாம், வயதானவர்களுக்கு அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. யாராவது கழுத்தைச் சட்டென்று திருப்பி நெட்டி எடுக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், எலும்பு மெலிந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்துகொள்ளக் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை வலித்தால் அங்கே அழுத்தவே கூடாது. உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் அது நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகப் பொட்டில் தலைவலி வந்து, தலை சீவினாலே வலி, மெல்லும்போது தாடை வலி, பார்வையில் மாற்றம் என்றிருந்தால் அதை டென்ஷன் என்று தள்ளிவிடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

உங்கள் விஷயத்திலும் சில அறிகுறிகள் வந்தால் அழுத்துவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்: கை மரத்துப்போவது, பிடி தளர்ந்து பொருள் நழுவுவது, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, நடையில் தடுமாற்றம். காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, வாழ்நாளிலேயே இல்லாத தலைவலி திடீரென்று இடி போல வந்தாலோ, நெஞ்சை அழுத்தும் வலி தாடைக்கோ இடக்கைக்கோ பரவினாலோ நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். தலைவலிக்கு எவ்வளவு மாத்திரை போடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல், மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். அப்படியானால் எந்தப் புள்ளியை அழுத்தினாலும் பலன் தெரியாது. அதை உங்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

"எல்லாமே என் தலையில்தான்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு முடியவில்லை. நான் தோளைத் தளர்த்தி அனுப்பலாம். அதே சுமை திரும்ப ஏறினால் தோள் அதே மாதிரிதான் இறுகும். வீட்டில் உள்ளவர்களிடம் உட்கார்ந்து பேசி, ஒரே ஒரு வேலையையாவது நிரந்தரமாக வேறொருவர் கைக்கு மாற்றுங்கள். உதவி செய்கிறேன் என்று சொல்லும் அளவில் நிற்காமல், அது அவர்களுடைய பொறுப்பாகவே ஆக வேண்டும். தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், அடிக்கடி அழுகை வருவது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். கழுத்துக்கு என்னிடம் வருவது போலத்தான் அதுவும்.

அந்தச் சிகிச்சையாளரிடம் மீண்டும் போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், போகாதீர்கள். வலிக்கிறது என்றதும் கையை இலேசாக்குபவர், அழுத்துவதற்கு முன் என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று கேட்பவர், இது என் எல்லைக்குள் வராது என்று சொல்லத் தெரிந்தவர் கிடைத்தால் தாராளமாகப் போங்கள். வாரம் ஒருமுறை ஒருவர் பார்த்துவிடுவதும் நல்லதுதான்.

தோளில் இன்னும் நீலம் இருந்தால் அந்த இடத்தைத் தொட வேண்டாம், முழுதாக ஆறட்டும். இன்றிரவு பிடரிக்கு மட்டும் மூன்று நிமிடம், அந்தப் பந்துகளோடு. ஒரு வாரம் கழித்துத் தோளையும் தாடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தினமும் படுக்கப்போகும் முன் ஒரு நோட்டில் இரண்டு எண் எழுதுங்கள்: தலைவலி பத்துக்கு எவ்வளவு, தோள் இறுக்கம் பத்துக்கு எவ்வளவு. நான்கு வாரம் எழுதியும் எண்கள் அசையவே இல்லை என்றால் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு பிசியோதெரபிஸ்டை நேரில் பாருங்கள். கழுத்தின் அசைவையும் வலுவையும் கையால் சோதித்துப் பார்க்காமல் இதற்கு மேல் நான் கடிதத்தில் சொல்ல முடியாது. எண்கள் இறங்கியிருந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.